போக இரண்டரை, வர ஏழரை

ராயபுரம்,
12-11-2000

அன்புள்ள சாண்ட்ரா அக்காவுக்கு,

ராயபுரம் கல்மண்டபம் வட்டாரத்தில் வசிக்கும் சகல ஜனங்களுக்கும், கடல் தாண்டிப் போய்க் குவைத்தில் ஊசி குத்திக்கொண்டிருக்கும் நர்ஸ்மார்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: திருவாளர் சிலுவைமுத்துவின் ஒரே மகனும், ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவனுமான கஸ்பார் என்பவரின் மேலுதட்டில், சென்ற வியாழக்கிழமை காலை, மீசை என்று சொல்லத்தக்க பொருள் தோன்றியுள்ளது. வலப்பக்கம் ஏழு முடி, இடப்பக்கம் நாலு. அம்மா அழுக்கு என்று நினைத்து முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. ஆகவே மீசைதான்.

இங்கே எல்லோரும் சுகம், கொசுக்கள் உட்பட. நீ சுகமா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, ராத்திரி டூட்டியா பகல் டூட்டியா என்பதெல்லாம் அம்மா கேட்கச் சொன்னவை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. விமானத்தில் கொடுத்த மிட்டாயில் எனக்குப் பங்கு உண்டா?

அடுத்த செய்தி. என் தோஸ்து எழிலன் இருக்கிறானே, அவன் அண்ணன் மவுண்ட் ரோட்டில் ஒரு டிராவல்ஸுக்கு வேன் ஓட்டுகிறார். அங்கே தூக்கிப்போட இருந்த விமான நேர அட்டவணைப் புத்தகம் ஒன்றை எனக்குக் கொடுத்தார். மூன்று நாள் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்க ஊர், தூரம், நேரம் என்று கோடு போட்டு எழுதிவிட்டேன். சென்னைக்கும் குவைத்துக்கும் ஏறக்குறைய மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். இங்கே காலை ஆறுக்குக் கிளம்பினால் அங்கே எட்டரை. ஆக, போக இரண்டரை மணி நேரம். அங்கே ராத்திரி பத்துக்குக் கிளம்பினால் இங்கே விடியற்காலை ஐந்தரை. ஆக, வர ஏழரை மணி நேரம்.

ஐ.எஸ்.டி. பூத் கமால் பாய் இரண்டு கடிகாரம் மாட்டியிருப்பது உனக்குத் தெரியும். ஒன்று நம் நேரம், ஒன்று அரபு நேரம், இரண்டரை மணி பின்னால். அதைக் காட்டி, "இந்தக் கணக்க சேத்துக்கினியாடா?" என்று மடக்கப் பார்த்தார். பாய், புத்தகம் மவுண்ட் ரோட்டில் அச்சடித்தது, நம்ம ஊர்ப் புத்தகத்தில் நம்ம நேரம்தான் போட்டிருப்பான் என்றேன். மனிதர் வாயை மூடிக்கொண்டார். இப்போது வளைகுடாவுக்குப் பேச வருகிறவர்கள் எல்லாம் என்னிடம்தான் நேரம் கேட்கிறார்கள். விமானம் ஏறாமலேயே விமானி ஆகிவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். பிராங்கிளின் மாமாவும்தான். அம்மாவின் தம்பி என்ற ஒரே தகுதியில் தினமும் படகை விட்டு இறங்கி நேராக நம் வீட்டுச் சட்டிக்கு வந்துவிடுகிறார். உன் பங்கு மீனையும் அவர்தான் தின்கிறார்.

மீசையுடன்,
கஸ்பார்


குவைத்,
3-12-2000

அன்புத் தம்பி கஸ்பாருக்கு,

அக்கா ஆண்டவர் புண்ணியத்தில் நலம். நீ, அப்பா, அம்மா, மாமா நாலு பேரும் நலமாக இருக்க ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டூட்டி அறையில் தனியாகச் சிரித்தேன். கூட இருக்கிற மலையாளத்துப் பெண், ஊரில் யாருக்காவது கல்யாணமா என்று கேட்டாள். இல்லை, மீசை என்றேன்.

நீ சொல்கிற இரண்டரை மணி நேரம்தான் எனக்கு உதைக்கிறது. விமானம் ஏறியதும் ஜெபமாலையை எடுத்தேன். ஐந்து தடவை சொல்லி முடித்தேன். சாப்பாடு தந்தார்கள். தூங்கினேன். எழுந்தும் கடல்தான். மறுபடி தூங்கினேன். அது இரண்டரை மணி நேரத்தில் அடங்குமா? இறங்கும்போது வாட்சை மாற்றி வைக்கச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன். அதனால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ படிக்கிற பிள்ளை, உனக்குத் தெரியும்.

அப்பா ஹார்பரில் இன்னும் கிரேன் ஏறுகிறாரா? கீழ் வேலை கேட்டு எழுதிக்கொடுக்கச் சொன்னேனே. மாமாவிடம் சொல், என் பங்கு மீனைத் தின்னட்டும், முள்ளை மட்டும் எனக்கு எடுத்துவைக்க வேண்டாம்.

முத்தங்களுடன்,
அக்கா சாண்ட்ரா


ராயபுரம்,
22-12-2000

பாசமுள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். ஸ்டார் கட்டியாகிவிட்டது. குடில் வைத்தாகிவிட்டது. போன வருஷம் மாட்டுக்கு ஒரு கால் உடைந்தது, இந்த வருஷம் அது படுத்திருக்கும் மாடு. எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாயாக.

உன் ஜெபமாலை சாட்சியம் தள்ளுபடி செய்யப்படுகிறது. வீட்டில் ஜெபமாலையின் முதல் பத்து மணியை உருட்டுவதற்குள்ளேயே குறட்டை விடுகிறவள் நீ. ஆகாயத்தில் ஐந்து ஜெபமாலை சொன்னாய் என்று மாதாவே வந்து சொன்னாலும் நம்பமாட்டேன். பயத்தில் இருக்கிறவனுக்கு நேரம் ஜவ்வாக இழுக்கும். அதுதான் விஷயம்.

போகும்போது இரண்டரை, வரும்போது ஏழரை ஏன் என்று நானும் யோசித்தேன். மாமாவிடம் கேட்டேன். படகு ஓட்டுகிறவருக்கு இது ஒரு கேள்வியா? "காத்து பின்னால வந்தா பாதி நேரம்டா, எதுக்க வந்தா ரெட்ட நேரம். கட்டுமரத்துக்கும் அதான், ஏரோப்பிளேனுக்கும் அதான்" என்றார். அதாவது மேலே எந்நேரமும் கொண்டல், கிழக்கிலிருந்து அடிக்கிறது. உன்னைக் குவைத்துக்குத் தள்ளிவிட்ட காற்று, திரும்பி வரும்போது மூஞ்சியில் அடிக்கும். இதையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

அப்பாவுக்கு என் கணக்கில் ரொம்பச் சந்தோஷம். துறைமுகத்தில் எட்டு மணி நேர ஷிப்ட் அல்லவா. "ஏழரையா? அப்ப ஒரு ஷிப்டுக்குள்ள எம்பொண்ணு வந்துரும்" என்று கேண்டீனில் எல்லோரிடமும் சொல்லிக்கினு திரிகிறாராம். அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று யாராவது எழுதினால் நம்பாதே. கிரேன் ஏணி முன்னைவிடக் கொஞ்சம் உயரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கேக்குக்குக் காத்திருக்கும்,
கஸ்பார்


குவைத்,
25-1-2001

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமாக இருங்கள்.

நீ எழுதாததை அம்மா எழுதியிருக்கிறாள். அப்பா ஏணியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார் என்றும், ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள் என்றும். நான் நர்ஸ். இ.சி.ஜி.யில் என்ன வந்தது என்று எழுதினால் எனக்குப் புரியும். எனக்குச் சிரிப்பு மட்டும் அனுப்பாதே.

ஒன்று கேட்கிறேன். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு ஏதாவது ஆனால், நான் வந்து முகம் பார்க்கும் முன்னால் பெட்டியை மூடக்கூடாது. இங்கே என்கூட வேலை செய்கிற ஒருத்தி, அவள் அம்மாவுக்கு அப்படி ஆகிவிட்டது. அவள் போய் மண்ணைத்தான் பார்த்தாள். இரண்டு வருஷமாகிறது, இன்னும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறாள். அம்மாவால் அப்போது எதுவும் சொல்ல முடியாது. மாமாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நேரம் காலம் தெரிந்தவன் நீ. நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வாக்குக் கொடு.

அக்கா


ராயபுரம்,
14-2-2001

அன்பு அக்காவுக்கு,

அப்பா தேறிவிட்டார். மாத்திரை போட மறுக்கிறார், அதுவே தேறியதற்கு அடையாளம். அம்மா சுகம். மாமா சுகத்துக்கும் மேலே.

வாக்குத்தானே? கொடுத்தேன். முத்திரைத்தாள் இல்லாததால் கணக்கு நோட்டில் கொடுக்கிறேன். நீ வரும் நேரத்தை நிமிடம் பிசகாமல் சொல்வது என் பொறுப்பு. அதற்குள் பெட்டியைத் தொடுகிறவன் கையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பேச்சே இனி வேண்டாம். அப்பா இன்னும் இருபது வருஷம் என்னை அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என் திறமையில் சந்தேகம் இருந்தால் கேள். பக்கத்துத் தெரு சாபிரா அக்காவின் வீட்டுக்காரர் ரியாத்திலிருந்து வந்தார். எத்தனை மணிக்கு இறங்குவார் என்று என்னிடம்தான் கேட்டார்கள். புத்தகத்தைப் பார்த்து நாலு மணி பத்து நிமிஷம் என்றேன். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு இறங்கினார். அன்று முதல் மாமாவே, "நேரத்த எங்க கஸ்பார கேளு, ரேடியோவ கேக்காத" என்று காசிமேடு முழுக்கச் சொல்கிறார். பெருமையில் என் மீசை பதினாலு முடியாகிவிட்டது.

நிமிடம் பிசகாத,
கஸ்பார்


குவைத்,
10-6-2001

தம்பிக்கு,

நான் வந்து சேர்ந்தேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா சாப்பிடுகிறாளா?

எட்டு நாள் வீட்டில் இருந்தேன். உன்னிடம் தனியாகப் பேச முடியவில்லை. நான் இருக்கிற அறைக்கே நீ வரவில்லை. பிள்ளை பயந்திருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

மனதில் இருப்பதை உன்னிடம்தான் எழுத முடியும். அன்றைக்கு நான் எப்படி வந்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டுக்காக ராத்திரி முழுக்க அலைந்தேன். காலையில் டிக்கெட் கிடைத்தது. விமானத்தில் ஏறக் கூப்பிட்டுவிட்டார்கள், அந்த அவசரத்திலும் கமால் பாய் பூத்துக்குப் போன் போட்டேன். நீதான் எடுத்தாய். இதோ கிளம்புகிறது, நான் வரும்வரை வைத்திருங்கள் என்றேன். சரி அக்கா என்றாய். லைன் போய்விட்டது.

மீனம்பாக்கத்தில் யாருமே வரவில்லை. தனியாக டாக்சி பிடித்தேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் பூவைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்துகூட ஆகவில்லை. நாலு மணிக்கே பெட்டியை மூடிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுத் தாயம்மாதான் சொன்னாள். கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். மாமா மண்வெட்டியோடு நின்றிருந்தார். யார் மூடச் சொன்னது என்று கேட்டேன். "நாந்தாம்மா" என்றார். ஏன் என்றேன், மண்ணைச் சமன் செய்யத் திரும்பிவிட்டார்.

ஒரு மணி நேரம், கஸ்பார். ஒரே ஒரு மணி நேரம் அவரால் பொறுக்க முடியவில்லை. நீ நேரத்தைச் சரியாகத்தான் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். அவர் கேட்டிருக்கமாட்டார். இனிமேல் கடிதத்தில் அவர் பெயரை எழுதாதே.

அக்கா


ராயபுரம்,
8-7-2001

அன்புள்ள அக்காவுக்கு,

அறிவிப்பு எதுவும் இல்லை. அம்மா இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அப்பாவின் வேலையை எனக்குப் படிப்பு முடிந்ததும் தருவார்களாம், யூனியன்காரர்கள் வந்து சொன்னார்கள். ஏணி ஏறிப் பார்த்தேன். உயரம்தான்.

மே மாதம் பதினேழாம் தேதி காற்று திடீரென்று மாறியதாகக் காசிமேட்டில் பேசிக்கொண்டார்கள். மேற்கிலிருந்து பலமாக அடித்ததாம். அப்படி அடித்தால் விமானம் முன்கூட்டியே வந்துவிடும், இல்லையா? அன்று விமானத்தில் காற்றைப் பற்றி ஏதாவது அறிவித்தார்களா? ஞாபகம் இருந்தால் எழுது. சும்மா, நோட்டில் எழுதிவைக்கத்தான்.

நீ பெயரை எழுத வேண்டாம் என்ற ஆள் இப்போது நம் வீட்டில் சாப்பிடுவதில்லை. மீனை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அம்மா கூப்பிட்டாலும் உள்ளே வருவதில்லை. பெயர் எழுதவில்லை, கவனித்துக்கொள்.

தம்பி


குவைத்,
5-8-2001

அன்புத் தம்பிக்கு,

நலம். அம்மாவின் கடிதமும் உன் கடிதமும் ஒன்றாக வந்தன.

காற்றைப் பற்றி யாரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. எப்போதும் போலத்தான் வந்தது.

அம்மா எழுதியிருப்பாள். அப்பா பேசி வைத்திருந்த எண்ணூர் மாப்பிள்ளை இடத்தையே முடித்துவிடலாம் என்று அம்மா சொல்கிறாள். ஜனவரியில், நம் கோயிலில். அப்பாவின் ஆசை என்பதால் நானும் சரி என்றேன். பீடம் வரை என் கையைப் பிடித்துக் கூட்டிப்போக அப்பா இல்லை. அந்த இடத்தில் தாய்மாமன்தான் வரவேண்டும் என்பார்கள். எனக்கு வேண்டாம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். என் அப்பா முகத்தை எனக்குக் காட்டாதவர் என் கல்யாணத்தில் நிற்க வேண்டாம். சீரும் வேண்டாம்.

அம்மாவுக்கு இதைத் தன் தம்பியிடம் சொல்ல வாய் வராது. நீ போய்ச் சொல்லிவிடு.

அக்கா


ராயபுரம்,
30-9-2001

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காலாண்டுப் பரீட்சைதான் காரணம். எல்லாம் தூள் கிளப்பிவிட்டேன். சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு. ஒரு மார்க் குறைந்தாலும் கஸ்பார் என்ற பெயரை மாற்றி மண்ணாங்கட்டி என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். வலை தைத்துக்கினு இருந்தார். சரி என்றார்.

தம்பி


குவைத்,
28-10-2001

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அரைப் பக்கம்கூட இல்லை. ஒரு கிண்டல் இல்லை, நூறு மார்க்கைத் தவிர. உனக்கு உடம்புக்கு ஏதாவதா?

சரி என்று மட்டுமா சொன்னார்? சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். என்னை ஏழு வயசு வரைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் தேருக்குப் போனவர். நான் என்ன தப்பு செய்தேன் என்றாவது கேட்பார் என்று நினைத்தேன்.

எனக்கு அப்பா முகம் என்றால் ஏர்போர்ட்டில் கையாட்டிய முகம்தான் வருகிறது. கடைசி முகம் எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. நீ பார்த்தாயே, நீயாவது எழுது.

அக்கா


ராயபுரம்,
2-12-2001

அன்புள்ள சாண்ட்ரா அக்காவுக்கு,

அம்மா நலம். கல்யாணப் புடவைக்கு வண்ணாரப்பேட்டை போய்வந்தாள். நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை டூட்டி முடிந்தபிறகு படி.

அப்பாவின் முகம் தூங்குகிற மாதிரி இருந்தது என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அப்படி இல்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஏதோ சொல்ல ஆரம்பித்து மறந்துபோன மாதிரி. இடது கன்னத்தில் சவரம் செய்யாத ஒரு துண்டு. மாமா அதைப் பார்த்துவிட்டுத் தாமே பிளேடு எடுத்து, தண்ணீர் தொட்டு, மெதுவாக மழித்தார். "பொண்ணு வந்து பாக்கும்" என்று சொல்லிக்கொண்டே மழித்தார். அதிலிருந்தே தெரிந்துகொள், அவர் உனக்காகக் காத்திருக்கத்தான் இருந்தார்.

முந்தின நாளே காசிமேட்டிலிருந்து ஐஸ் பார் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி அடுக்கியதும் அவர்தான். மீனைப் பாதுகாக்கத் தெரிந்தவர், சாயங்காலம் ஆறு வரை தாங்கும் என்றார். கல்லறைத் தோட்டத்துக்காரரிடம் போய் ஆறு வரை கதவு திறந்திருக்க வாக்கு வாங்கிவந்தார். சாமியாரும் சரி என்றார். எல்லாம் தயாராக இருந்தது. தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, நீ எத்தனை மணிக்கு வருவாய் என்பது. அதை என்னிடம் கேட்டார்கள்.

உன் போன் வந்தபோது கமால் பாய் கடையில் நம் கடிகாரம் சரியாகப் பத்து. இதோ கிளம்புகிறது என்றாய். வர ஏழரை மணி நேரம் என்று என் நோட்டில் இருக்கிறதே. பத்தும் ஏழரையும் பதினேழரை. சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் விமானம் இறங்கும். வெளியே வந்து ராயபுரம் சேர இன்னும் இரண்டு மணி நேரம். ஏழரைக்குத்தான் அக்கா வரும் என்றேன்.

மாமா மூன்று தடவை கேட்டார். "ஒயுங்கா பாத்தியா நைனா?" நோட்டை விரித்துக் காட்டினேன். காற்று உதவி செய்தால்கூட ஏழுக்கு முன்னால் வாய்ப்பே இல்லை என்றேன். அழுதுகொண்டு சொல்லவில்லை அக்கா. வீடு முழுக்கப் பெரியவர்கள், எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பெருமையாகத்தான் சொன்னேன்.

மாமா பெட்டியைச் சுற்றியிருந்த ஐஸைத் தொட்டுப் பார்த்தார். ஆறுக்கு மேல் ஐஸும் இல்லை, கதவும் இல்லை. பிறகு, பூசை முடிந்து ஆறுக்குள் அடக்கம் ஆக வேண்டும், நாலு மணிக்கு எடுத்துவிடலாம் என்றார். உன்னைக் கூட்டிவர நாலரைக்கு எழிலன் அண்ணன் வேன் கிளம்ப ஏற்பாடு. அதற்குள் நீ டாக்சியில் ஏறிவிட்டாய்.

கல்லறையில் நீ யார் மூடச் சொன்னது என்று கேட்டபோது நான் மாமாவுக்கு இரண்டடி பின்னால் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். அவர் முந்திக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆமாம், அப்படித்தான் இருந்தது.

அப்புறம் காற்று மாறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கும் எழுதினேன். காசிமேட்டில் யாரும் அப்படிப் பேசவில்லை. ஆகஸ்டில் ரோசி டீச்சர் தீர்க்கரேகை நடத்தினார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நேரம், அதனால் விமான அட்டவணையில் கிளம்பும் நேரத்தை அந்த ஊர் நேரத்திலும், சேரும் நேரத்தைச் சேரும் ஊர் நேரத்திலும் போடுவார்கள் என்றார். நான் எழுந்து, இல்லை டீச்சர், எங்கள் புத்தகத்தில் எல்லாம் நம் நேரம்தான் என்றேன். கொண்டுவா பார்க்கலாம் என்றார். மறுநாள் கொண்டுபோனேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எறும்பு மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி. எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஒன்பது மாசம் அந்தப் புத்தகத்தைப் புரட்டியவன் நான், ஒரு நாளும் அந்த அடிவரியைப் படிக்கவில்லை. போகவும் ஐந்து மணி நேரம், வரவும் ஐந்து மணி நேரம். எதிர்க்காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ ஐந்து ஜெபமாலை சொன்னது நிஜம்.

இது தெரிந்த பிறகுதான் உன் கடிதம் வந்தது, கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று மாமாவிடம் சொல்லச் சொல்லி. நான் போய்ச் சொன்னேன். இதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட, பரீட்சையில் பார்த்து எழுதினேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து மாமாவிடம் போனேன். வலையைக் காலில் மாட்டி இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தைப்பதை நிறுத்தவில்லை.

"தெர்யும்டா" என்றார். "அவ டாக்சில வந்து எறங்கினான்னு கேட்டப்பவே தெரிஞ்சிபோச்சி."

"அப்ப இன்னாத்துக்கு மாமா உன் மேல போட்டுக்கினே?"

"மூடச் சொன்னது நாந்தான. நீ மணிதான சொன்னே." தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவளுக்கு மட்டுமாடா அப்பன்? உனுக்கும் அப்பன்தான். ஒரே நாள்ல ரெண்டு இடி உன் தலையில எறக்க சொல்றியா?"

அக்காவுக்கு எழுதப்போகிறேன் என்றேன். "கல்யாணம் முடியட்டும். அதுங்காட்டியும் அவள பேஜார் பண்ணாத" என்றார். அவர் சொல்லைக் கேட்காமல், அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தைரியம் இல்லை. மாமாவுக்கு மட்டும் ஒரு வரி எழுது. இல்லை, கமால் பாய் கடைக்குப் போன் போடு, ஓடிப்போய்க் கூட்டிவருகிறேன். பீடம் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நட. யாராவது ஒருத்தர் கோயிலுக்கு வரக்கூடாது என்றால் நான் வரவில்லை. வெளியே செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அம்மா எழுதிவிடுவாள். சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு என்று எழுதியிருந்தேன். நாற்பத்தொன்று. கேள்வித்தாளில் முதல் பெரிய கேள்வியே இதுதான்: சென்னையில் காலை மணி பத்து, அப்போது நாற்பத்தைந்து பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள நகரத்தில் மணி என்ன? கடிகாரம் இரண்டையும் தினமும் பார்க்கிறவனுக்கு விடை தெரியாமலா? காலை மணி பத்து என்பதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அதற்கு இடம் விட்டேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கும் விட்டுவிட்டேன். ஏன்டா பாதித் தாள் வெள்ளையாக இருக்கிறது என்று ரோசி டீச்சர் கேட்டார். பேனாவில் மை தீர்ந்துவிட்டது டீச்சர் என்றேன்.

தீரவில்லை அக்கா.

உன் தம்பி,
கஸ்பார்